முதல் நிறுத்தத்திலிருந்து

பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளுக்கு எந்த விண்ணப்பப் படிவமும் தண்ணீர் பட்ட பாடு. எந்தக் கட்டத்தில் கையெழுத்து, எங்கே போட்டோ, எத்தனை நகல், எந்த ஜன்னலில் போய் நிற்கவேண்டும் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கை பட்ட காகிதம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அந்தத் தெருவில் பேச்சு. எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸக்கா. அப்பேர்ப்பட்ட ஜெராக்ஸக்கா தன் வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அதுவும் எதனால்? பெருமையால்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பதினோராம் நம்பர் வண்டியில் இருபத்திரண்டு வருஷம். டிப்போவில் கிளம்பிப் பாலத்தடியில் போய் நிற்பதற்குள் இருபத்துமூன்று நிறுத்தம். ஒவ்வொன்றையும் அவர் இழுத்து நீட்டிச் சொல்கிற அழகைக் கேட்கவே, காலியாக வருகிற வண்டியை விட்டுவிட்டு இதில் தொங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. வேலையில் அவருக்கு ரைட்டு என்று பேர். வீட்டில் ரைட்டுக்கும் ஜெராக்ஸக்காவுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஃபேன் எந்த வேகத்தில் சுற்றவேண்டும், கதவை யார் பூட்டினது, யாருடைய அண்ணன் கல்யாணத்தில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது, எல்லாவற்றுக்கும் சண்டை. அவள் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். விடாமல் பேசிக்கொண்டே ஒருவர் பின்னால் ஒருவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பார்கள். நம்பவேண்டும், ரொம்ப சந்தோஷமான குடும்பம் அது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், யூனிஃபார்ம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். ஸ்ட்ரோக் என்றார்கள். ஆஸ்பத்திரியில் காப்பாற்றி அனுப்பினார்கள். கை வந்தது, கால் வந்தது, பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதிலுக்கு ஒரு வார்த்தை எடுக்கத்தான் முடியவில்லை. தொண்டையில் கோளாறு இல்லை, நாக்கில் கோளாறு இல்லை, வார்த்தை இருக்கிற இடத்துக்குப் போகிற வழி அடைபட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

மிஞ்சினது மூன்று. ஒன்று, "ஆமா". இல்லை என்று சொல்லவேண்டிய இடத்திலும் அதுதான் வரும். இரண்டு, "எழவு". அது மட்டும் ஒரு கீறல்கூட விழாமல் முழு உருப்படியாக வந்தது. மூன்றாவது, பதினோராம் நம்பர் தடம். தொடங்கிவிட்டால் போதும், டிப்போ, கோர்ட், பெரிய மார்க்கெட், தண்ணித்தொட்டி, லைப்ரரி, ரயில்வே கேட் என்று பாலத்தடி வரைக்கும் பழைய ராகத்தில் அருவியாகக் கொட்டும்.

"அது பேச்சு இல்லக்கா," என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண். அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், இரண்டு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் படம் போட்ட அட்டைக் கட்டுமாக ஒரு சின்ன அறை அவளுக்கு. "வாய்ப்பாடு மாதிரி. மூளையில அது வேற அலமாரி. வரிசையா ஒப்பிக்க வரும், நடுவுல இருந்து ஒண்ணை மட்டும் உருவ வராது."

ஆனால் ரைட்டு லேசுப்பட்ட ஆளா? தாகம் எடுத்தால் டிப்போவில் கிளம்பி, கோர்ட்டைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, தண்ணித்தொட்டியில் வந்து நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். பசித்தால் மார்க்கெட்டோடு நிறுத்தம். தூக்கம் வந்தால்தான் பாடு. வண்டி ராத்திரி ஹால்ட் ஆகிற பாலத்தடி வரைக்கும் போகவேண்டும், போய்ச் சேருவதற்குள் மனுஷர் நிஜமாகவே தூங்கிவிடுவார். ஜெராக்ஸக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். எட்டு மாதமாக வீட்டில் எல்லாச் சண்டையிலும் அவளே ஜெயித்துக்கொண்டிருந்தாள். எதிராளி வாய் திறக்காத சண்டையில் ஜெயித்து என்ன செய்வது? அந்த மனுஷர் தன்னை ஒரே ஒரு தடவை எதிர்த்துப் பேசிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையில் பேச்சுப் பயிற்சிக்கு இருபது தடவை அனுமதி. அதற்குமேல் வேண்டுமென்றால் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து போன் போட்டு, நோயாளியைப் பேசவைத்துக் கேட்டு, தேவைதான் என்று எழுதினால் இன்னும் நாற்பது. பதினெட்டாவது தடவை போனபோது அந்தப் பெண் டம்ளரைக் காட்டி "இது என்ன ஐயா?" என்றாள். ரைட்டு டிப்போவின் பக்கமே போகவில்லை. உதடு நடுங்க, நெற்றி நரம்பு புடைக்க, "த… தண்" என்றார். பாதி வார்த்தைதான். ஆனால் நேராக வந்த வார்த்தை.

"வழி திறக்குதுக்கா," என்றாள் அந்தப் பெண். "இப்போ விட்டுட்டோம்னா வந்ததும் போயிடும். அந்த நாப்பதை எப்படியாவது வாங்கிடணும்." வெளியே தனியார் கிளினிக்கில் வாரம் இரண்டு தடவை போவதெல்லாம் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற காரியமில்லை.

போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டமான நேரத்தில். ரைட்டு வழக்கம்போல் கடை ஓர நாற்காலியில் உட்கார்ந்து காகிதக் கட்டுகளைத் தட்டி ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். ஜெராக்ஸக்கா ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். மரியாதையான பெண் குரல்தான்.

"ஐயா, இப்போ பேச்சு எப்படி இருக்கு?"

"ஆமா."

"முன்னைக்கு இப்போ பரவாயில்லையா?"

"ஆமா."

"பேச சிரமமா இருக்குங்களா?"

"ஆமா… எழவு."

நகல் எடுக்க நின்றிருந்தவர்களில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், ஜெராக்ஸக்காவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷனை ஒரு பொடிப்பயல் பார்த்துச் சிரிப்பதா? யோசிக்கவே இல்லை. "என்னங்க, உங்க ரூட்டைச் சொல்லுங்க," என்றாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ரைட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். டிப்போவில் எடுத்தவர் பாலத்தடியில்தான் நிறுத்தினார். ஒரு நிறுத்தம் தப்பவில்லை, ஒரு எழுத்து பிசகவில்லை. கடையில் கை தட்டினார்கள். சிரித்தவனும் தட்டினான். போனில் இருந்த பெண்ணே, "ரொம்ப நல்லா பேசறீங்க ஐயா," என்றாள். ஜெராக்ஸக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று முழுக்க யாருக்கும் ஓரம் கறுத்த நகல் கொடுக்காமல் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. பழக்க தோஷத்தில் முதலில் அதை மெஷினில் வைத்து ஒரு நகல் எடுத்தாள். அப்புறம்தான் படித்தாள். பயனாளியின் பேச்சு சரளமாகவும் தெளிவாகவும் உள்ளது. மேற்கொண்டு பயிற்சி அவசியமில்லை. கோப்பு முடிக்கப்பட்டது.

கடைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பயிற்சிப் பெண் கடிதத்தைப் படித்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"யாருக்கா ரூட்டைச் சொல்லச் சொன்னது?"

"நான்தான்."

"நீங்களேவா?"

ஜெராக்ஸக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆயுசில் அவள் அப்படிக் குனிந்து யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெண் கோபத்தை அடக்கிக்கொண்டு மேஜை டிராயரை இழுத்து, அதே கடிதம் இன்னும் நாலைந்தை எடுத்துப் போட்டாள். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் கடகடவென்று சொல்லிவிடுகிற ஒரு வாத்தியார், மகன் பேர் கேட்டால் விழிப்பார். அவருக்குப் பேச்சு சரளம். ஒரு பாட்டு முழுக்கப் பாடுகிற அம்மாவுக்குப் பசிக்கிறது என்று சொல்ல வராது. அவருக்கும் சரளம். "நான் எழுதி எழுதி அனுப்பறேன். போன்ல கேட்டோம், நல்லாத்தான் பேசறாங்கன்னு திருப்பி அனுப்பறாங்க. மேல்முறையீட்டுக்கு யாரும் போறதில்லை, அதான் அவங்களுக்குத் தெரியறதும் இல்லை."

"நான் போறேன்," என்றாள் ஜெராக்ஸக்கா. "ஃபாரம் எங்கே?"

மேல்முறையீட்டுப் படிவத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு கட்டத்தில்தான் தடுமாறினாள். தவறான முடிவு எடுக்கப்பட்டதற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தது. என் வாய்க்கொழுப்பு என்று எழுதினாள். பயிற்சிப் பெண் அதை அடித்துவிட்டு, மதிப்பீட்டு முறையில் உள்ள குறை என்று எழுதிக் கொடுத்தாள்.

விசாரணைக்குப் போகிற காலையில், அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே கண்டிப்பாகச் சொன்னாள். "அங்க போய் ரூட்டைச் சொல்லிடாதீங்க. டிப்போன்னு வாயெடுக்கவே கூடாது. புரிஞ்சுதா?"

"ஆமா," என்றார் ரைட்டு.

காப்பீட்டு அலுவலகம் மூன்றாம் மாடி. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவி, நரைத்த தலை, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒரு பக்கம் டாக்டர். இன்னொரு பக்கம் லேப்டாப்பும் கையுமாகக் கோப்பு அதிகாரி. இந்தப் பக்கம் ரைட்டு, ஜெராக்ஸக்கா, லீவு போட்டுவிட்டு வந்த பயிற்சிப் பெண்.

தலைவி முதல் வேலையாக, "அந்த ரெக்கார்டிங்கைப் போடுங்க," என்றார்.

போன் பேச்சைப் பதிவு செய்திருப்பார்கள் என்று ஜெராக்ஸக்காவுக்குத் தோன்றவே இல்லை. முதலில் மூன்று "ஆமா" வந்தது. அப்புறம் "எழவு" வந்தது. அப்புறம், என்னங்க உங்க ரூட்டைச் சொல்லுங்க என்று அவள் குரலே வந்தது. பின்னாலேயே தடம். டிப்போ, கோர்ட், பெரிய மார்க்கெட்… ரைட்டு தன் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கூடவே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவள் தொடையில் கிள்ளினாள். ஓடுகிற வண்டியை யார் நிறுத்த முடியும்? இரண்டு ரைட்டும் ஒன்றாகப் பாலத்தடி போய்ச் சேர்ந்தார்கள். மேஜையில் கை தட்டுகிற சத்தம் கேட்டது. அது பதிவிலிருந்து வந்தது.

"இதுக்கு மேல என்ன பயிற்சி வேணும்?" என்றார் டாக்டர். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

பயிற்சிப் பெண் வாய்ப்பாட்டையும் அலமாரியையும் விளக்கினாள். டாக்டர் மோவாயைத் தடவினார். "சரி, சோதிச்சுப் பாப்போம். ஐயா, ஏழாவது ஸ்டாப் எது?"

ரைட்டு வலது கை விரல்களை விரித்தார். ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு டிப்போவிலிருந்து வந்தார். இடது கையில் இரண்டாவது விரலை மடக்கும்போது, "பழைய ஆஸ்பத்திரி," என்று நிறுத்தினார்.

"வந்துடுச்சே. கொஞ்சம் சுத்தி வருது, அவ்வளவுதான்."

"சார்," என்றாள் ஜெராக்ஸக்கா. அடக்கி வைத்த வாய் திறந்துகொண்டது. "உங்ககிட்ட வயசு எத்தனைன்னு கேட்டா, ஒண்ணு ரெண்டுன்னு பிறந்த நாள்ல இருந்து எண்ணிட்டு வந்தா சொல்வீங்க? இவர் வாழ்க்கை அந்த இருபத்துமூணு ஸ்டாப்புக்குள்ள மாட்டிக்கிச்சு. அந்த ஸ்டாப்புல இல்லாத எதையும் இவரால கேட்க முடியாது, சொல்ல முடியாது. அன்னிக்கு அதைச் சொல்லச் சொன்னது நான். நாலு பேர் முன்னாடி என் புருஷனைக் குறைவா நினைச்சுடக் கூடாதுன்னு சொல்லச் சொன்னேன். தப்பு என்மேல. அதுக்கு அவரைத் தண்டிக்காதீங்க."

"தண்டனை இல்லம்மா. எங்களுக்கு ஏதாவது ஆதாரம் வேணும்," என்றார் தலைவி.

ஆதாரம் எது என்று ஜெராக்ஸக்காவுக்குத் தெரியும். எட்டு மாதமாக அந்தக் கேள்வியை அவள் அவரிடம் கேட்டதே இல்லை. பயத்தில் கேட்கவில்லை. இப்போது, முன்பின் தெரியாத மூன்று பேர் எதிரில் அதைக் கேட்கவைத்தால் அவர் மானம் போகும். கேட்காவிட்டால் அவர் பேச்சு போகும். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் யாருன்னு அவர்கிட்ட கேளுங்கம்மா."

தலைவி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஐயா, பக்கத்துல இருக்காங்களே, இவங்க யாரு உங்களுக்கு?"

ரைட்டு திரும்பி அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தது. பிறகு மெதுவாக, ராகம் இல்லாமல், "டிப்போ," என்றார். அவள் முகத்தைப் பார்த்தார். அது இல்லை. "கோர்ட்." பார்த்தார். அதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, அங்கே அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். மார்க்கெட்டில் இல்லை. லைப்ரரியில் இல்லை. பழைய ஆஸ்பத்திரியில் இல்லை. வாளியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. பாலத்தடிக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் அவள் இல்லை.

அவர் விடவில்லை. வண்டியைத் திருப்பினார். பாலத்தடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தார், டிரிப் முடிந்து வெறும் வண்டி திரும்புகிற மாதிரி. வேர்த்துக் கொட்டியது. தண்ணித்தொட்டி, பெரிய மார்க்கெட், கோர்ட், டிப்போ. போகவும் வரவும் நாற்பத்தாறு நிறுத்தம் தேடியாயிற்று. பொண்டாட்டி எங்கேயும் இல்லை.

ரைட்டு இரண்டு கையாலும் மேஜையை ஓங்கி அறைந்தார். டாக்டரின் தண்ணீர் டம்ளர் துள்ளிச் சாய்ந்தது. "எழவு," என்றார் டாக்டர் முகத்தைப் பார்த்து. கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது.

"அது மட்டும் நேரா வரும் சார்," என்றாள் பயிற்சிப் பெண். "மத்ததெல்லாம் நேரா வரணும்னுதான் நாப்பது தடவை கேக்கறோம்."

டாக்டர் தன் சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைக்கவில்லை. "நான் கேட்டதுதான் தப்பான கேள்வி," என்றார் தலைவியிடம். தலைவி கோப்பு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"போன்ல கேட்டு மூடின பேச்சுக் கோப்பு எத்தனை இருக்கு?"

"பாக்கணும் மேடம்."

"என்கிட்ட பேரோட இருக்கு மேடம், எங்க ஆஸ்பத்திரியில மட்டும் ஆறு," என்றாள் பயிற்சிப் பெண். பை தயாராக இருந்தது. ஒவ்வொன்றும் மும்மூன்று நகல், ஓரம் கறுக்காமல் பளிச்சென்று. யார் எடுத்தது என்று சொல்லவேண்டியதில்லை.

தலைவி அங்கேயே எழுதச் சொன்னார். இவருக்கு நாற்பது தடவை, இந்த வாரமே தொடக்கம். அந்த ஆறு கோப்பையும் திறக்கவேண்டும். மற்ற ஆஸ்பத்திரிகளில் மூடினதையும் தேடி எடுக்கவேண்டும். இனிமேல் பேச்சு, காது சம்பந்தமான எந்தக் கோப்பையும் போனில் கேட்டு மூடக் கூடாது, பயிற்சியாளரை வைத்துக்கொண்டு நேரில் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். கோப்பு அதிகாரி தட்டச்சு செய்து முடிக்கும்வரைக்கும் ஜெராக்ஸக்கா எழுந்திருக்கவில்லை. முத்திரை விழுந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மூன்று மாடியும் படியிறங்கி வரும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ உத்தரவுகளுக்கு நகல் எடுத்திருக்கிறாள். தனக்கென்று ஒன்றை வாங்கினது அன்றுதான். கீழே வந்ததும் நடைபாதை என்றும் பார்க்காமல் பயிற்சிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள். ரைட்டு தள்ளி நின்று, இவள் யாரோ எவளோ என்பது போல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் அடுத்த வாரமே பயிற்சிக்குத் திரும்பினார். பாடுகிற அம்மாவும் வந்தார். காத்திருக்கிற இடத்தில் பெஞ்சு போதாமல் போயிற்று.

விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் நகல் எடுப்பதை விட்டுவிட்டுக் கதையைக் கேட்டார்கள். ஜெராக்ஸக்காவும் சளைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதைக்கு ஒரு சுற்று சதை போட்டது. முதல் மாதம் அவள் டாக்டரைக் கேள்வி கேட்டாள். இரண்டாம் மாதம் டாக்டர் எழுந்து நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் மாதம், பக்கத்துக் கடைச் சாவிக்காரர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, கதை உச்சத்துக்குப் போயிற்று.

"விட்டேனா பாருங்க," என்றாள், மெஷினில் காகிதத்தை அடுக்கிக்கொண்டே. "மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். டம்ளர் எகிறிப் போச்சு. மூணு பேரும் கப்சிப். நான் பேசின பேச்சுல ஆடிப்போயிட்டாங்க. அப்புறம் எழுதிக் கொடுக்காம என்ன பண்ணுவாங்க?"

"அக்கான்னா அக்காதான்," என்றார் சாவிக்காரர்.

"பொய்."

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர நாற்காலியில் ரைட்டு மடியிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்து, இழுத்துக் கொண்டுவந்து வைத்தார்.

"நீ… தட்டல. நான்… தட்டினேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். விரலால் தன் நெஞ்சைக் குத்திக் காட்டினார். "நான்தான்… பேசினேன்."

மெஷின் பாட்டுக்கு வெள்ளைத் தாளாகக் கக்கிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெஷினை நிறுத்தினாள். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "யாரு, நீங்களா பேசினீங்க?" என்று சண்டைக்குக் கிளம்பினாள்.